கொங்கு வட்டாரத்துக்கு 1098 போதுமா?

திருப்பூரில் பனியன் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் ரயிலேறி வரும் பிள்ளைகளுக்கு 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைப் போல எளிதில் எட்டக்கூடிய சேவை வேறில்லை என்பது என் மதிப்பீடு. 1996இல் மும்பையில் தொடங்கிய இந்த எண் இரவு பகலாக இயங்குகிறது, கட்டணம் கிடையாது. பிள்ளைதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. ஈரோடு சந்திப்பின் நடைமேடையில் தனியே நிற்கும் சிறுவனைக் கண்ட தேநீர்க் கடைக்காரரும் அழைக்கலாம்.

சேவையின் வலிமை அழைப்புக்குப் பிந்தைய நடைமுறையில்தான் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்கப்பட்ட பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும்; வீட்டில் அடியா, கட்டாயக் கல்யாண ஏற்பாடா, கடனுக்காக மில்லுக்கு அனுப்பும் திட்டமா என்பதைச் சமூக விசாரணையில் அறிந்த பிறகே, பெற்றோரிடம் ஒப்படைப்பதா, இல்லத்தில் தங்கவைப்பதா என்று அக்குழு முடிவு செய்ய வேண்டும். புத்தி சொல்லி அடுத்த ரயிலில் ஏற்றிவிடும் நல்ல மனதுக்காரர்களின் உதவியில் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

குறையும் உண்டு. பதினெட்டு வயது நிறைந்தவுடன் இந்தச் சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மில் விடுதியில் சிக்கிய பத்தொன்பது வயதுப் பெண், பெண்கள் உதவி எண்ணான 181ஐத்தான் நாட வேண்டும். அதே வயது இளைஞனுக்கு அவ்வாறான தனி எண்கூட இல்லை. பனியன் கம்பெனி வாசல்களில் இவ்வெண்களைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிவைப்பது உடனே செய்யக்கூடியது.