ஆயில் ஃப்ளோரோமீட்டர்: ஸ்க்ரீன்ல வர்ற பிபிஎம்-ஐ நம்பி ரிப்போர்ட் எழுதாதீங்க

தண்ணில எண்ணெய் கலந்திருக்கான்னு பாக்கற என் ஆயில் ஃப்ளோரோமீட்டர் மெஷின் இப்பதான் சர்வீஸ்லேருந்து திரும்பி வந்துச்சு, அதே நேரம் பாத்து நண்பர் ஒருத்தர் "ஏரித் தண்ணில ஆயில் பாக்கறதுக்கு இது வாங்கலாமா"ன்னு கேட்டார், அதான் எழுதறேன். யுவி, அதாவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி அடிச்சா எண்ணெய்ல இருக்கற அரோமேட்டிக்ங்கற வளைய வடிவ மூலக்கூறுங்க ஒளிரும், அந்த வெளிச்சத்த இது அளக்கும். என்கிட்ட இருக்கறது 365 நானோமீட்டர் அலைநீளத்துல யுவி அடிக்கற எல்இடி, கேபிள்ல தொங்கவிட்டு தண்ணில இறக்கற ப்ரோப் (உணரி).

என் கோவமெல்லாம் ஒண்ணு மேலதான், ஸ்க்ரீன்ல நம்பருக்குப் பக்கத்துல "பிபிஎம்"னு (பத்து லட்சத்துல எத்தனை பங்கு, தண்ணில கிட்டத்தட்ட லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு அர்த்தம்) போடுதே, அது. மெஷின் பாக்கறது வெளிச்சத்த மட்டும்தான். ஆகாயத்தாமரை அழுகி டிகாஷன் நிறத்துல நிக்கற ஏரில ப்ரோப்ப இறக்கிப் பாருங்க, சொட்டு எண்ணெய் இல்லாமலே நம்பர் ஏறும், ஏன்னா அழுகின இலையிலேருந்து கரையற சத்தும் கிட்டத்தட்ட அதே யுவி-ல அதே மாதிரி நீலமாத்தான் ஒளிருது. படித்துறைல துணி துவைக்கறாங்கன்னா அங்கயும் ஏறும், சோப்புத்தூள்ல வெள்ளையா காட்டறதுக்குப் போடற கெமிக்கலோட வேலையே அதுதான். நடுக்கடல்ல இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி, நம்ம ஏரி குளம் வாய்க்கால்லதான் உசுர எடுக்குது.

இதுக்கு நேர் எதிராவும் நடக்கும். லாரி ஷெட்டுலேருந்து டீசல் இறங்கி வாசனை மூக்கத் தொளைக்கும், ஆனா மெஷின்ல நம்பர் பெருசா அசையாது. டீசல் பெட்ரோலுக்கு இன்னும் குட்டை அலைநீளத்துல அடிக்கணும், 365ங்கறது குரூடுக்கும் (கச்சா எண்ணெய்) கனமான எண்ணெய்க்கும்தான் சரி. போதாததுக்கு எண்ணெய் மேல படலமா மிதக்குது, ப்ரோப் ஒரு அடி கீழ நிக்குது, கலந்து கரைஞ்சது மட்டும்தான் அதுக்குத் தெரியும். இவ்வளவையும் மறைச்சு ரெண்டு தசமத்தோட ஒரு நம்பர் காட்டினா பாக்கறவங்க நம்பத்தானே செய்வாங்க? குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500-ல மினரல் ஆயிலுக்கு வரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், ஸ்க்ரீன்ல 0.6 வந்தா ஊரே பதறுது, 0.3 வந்தா ஆபீசர் நிம்மதியா கிளம்பிடறார், ரெண்டுக்குமே அர்த்தம் இல்ல. அந்த அளவோட ஒப்பிடணும்னா சாம்பிள கண்ணாடி பாட்டில்ல புடிச்சு லேபுக்குத்தான் அனுப்பணும். பிளாஸ்டிக் வேண்டாம், எண்ணெய் சுவத்துல ஒட்டிக்கும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் பக்கம் கொசஸ்தலை ஆத்துல எண்ணெய் பரவினப்ப மீட்டரே தேவைப்படல, படகு வலை எல்லாம் கருப்பு, கண்ணாலயே தெரிஞ்சுது. அந்தக் கருப்பு போனதுக்கு அப்புறம் "இன்னும் இருக்கா"ன்னு ஜனங்க கேப்பாங்க பாருங்க, அங்கதான் மீட்டர் வேணும், அந்த இடத்துல தப்பான நம்பர் சொல்றது எனக்கு மனசே ஒப்பல.

நியாயமா ஒண்ணு சொல்லிடணும். ஊருக்கு வெளிய ஒரு வடிகால்ல எங்கேருந்து எண்ணெய் வருதுன்னு யாருக்கும் தெரியல, நான் ப்ரோப்ப தண்ணில விட்டு கரையோரமா எதிர்த் திசைல நடந்துகிட்டே இருந்தேன், நம்பர் மெதுவா ஏறி ஏறி ஒரு பைப் வாய்க்கு வந்ததும் திடீர்னு குதிச்சுது, அதத் தாண்டினதும் பொத்துனு விழுந்துச்சு. லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தா, அது வர்றதுக்குள்ள எண்ணெய் விட்டவங்க பைப்ப அடைச்சிருப்பாங்க. மேல் பக்கத்து தண்ணியோட கீழ் பக்கத்து தண்ணிய ஒப்பிடறதுக்கு இத விட நல்ல கருவி நான் பாத்ததில்ல, மனசார சொல்றேன். பேட்டரியும் நாள் பூரா தாங்குது.

ஆனா வாங்கலாமான்னு கேட்டா, வேண்டாம்னுதான் சொல்வேன். ப்ரோப் ஜன்னல்ல கீறல் விழுந்து மாத்தறதுக்கு அனுப்பினேன், டீலர் மாசக்கணக்குல இழுத்தாங்க, பில்லப் பாத்து வயிறு எரிஞ்சுது, இருந்த ஒரு மழைக்காலமும் போச்சு. திரும்பி வர்றப்ப கேலிப்ரேஷன் (தெரிஞ்ச அளவு எண்ணெய வெச்சு மெஷின் நம்பர சரிபண்றது) எந்த எண்ணெய்ல பண்ணாங்கன்னு கூட பேப்பர்ல எழுதல. எண்ணெய் மாறினா நம்பரும் மாறும், அது தெரியாம அந்த பிபிஎம்-ஐ வெச்சு என்ன பண்றது?

அப்படியும் வாங்கியே தீருவேன்னா, பிபிஎம்-ஐ அணைச்சுட்டு வெறும் ரா ரீடிங் (எந்தக் கணக்கும் போடாத வெளிச்ச அளவு) காட்ட முடியுமான்னு முதல்ல டீலர்கிட்ட கேளுங்க, முடியாதுன்னா அத்தோட பேச்ச முடிச்சுக்குங்க.