ட்ரெமோலோவா, அசையாத பிரிட்ஜா?

விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டார் வாங்குபவர்கள் பிக்கப்பைப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பாகம்) பற்றி மணிக்கணக்கில் யோசிப்பார்கள், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை மறந்துவிடுவார்கள். ட்ரெமோலோ என்பது கைப்பிடியால் அசைத்துச் சுருதியை மாற்றும் பிரிட்ஜ்.

சுருதி: அசையாதது நிற்கும். உடலில் படியாமல் மிதக்கும் ட்ரெமோலோவில் ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற ஐந்தும் இறங்கும். நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் துண்டு) பள்ளத்தில் பென்சில் கரி தேய்த்தால் கம்பி சிக்காது; பாதித் தலைவலி தீரும்.

கம்பி மாற்ற: அசையாததில் சுலபம். ட்ரெமோலோவில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

மாற்றியமைக்க: 1954-இல் வந்த ஃபெண்டர் கிட்டாரான ஸ்ட்ராடோகாஸ்டர் பாணி என்றால் பின்மூடியைக் கழற்றி ஐந்து ஸ்பிரிங்கும் போட்டு, ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடிக்கும் திருகுகளை இறுக்கி பிரிட்ஜை உடலோடு படிய வையுங்கள், ஏறக்குறைய அசையாததுதான். அசையாததை இந்தப் பாணி ட்ரெமோலோவாக்க மரத்தைக் குடைய வேண்டிவரும்.

முதல் கிட்டாருக்கும், அடிக்கடி சுருதி மாற்றுபவருக்கும் அசையாதது. நோண்டிப் பார்க்கும் கைக்கு ட்ரெமோலோ. என் ஓட்டு இதற்கே.