ஐ.இ.பி. கூட்டத்துக்குப் பெற்றோரைத் தயார்செய்வது எது? நான்கு பயிற்சிகள், ஓர் அலசல்

அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளையின் பெற்றோருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு கூட்டம் உண்டு. மேசையின் ஒருபக்கம் சிறப்புக் கல்வி ஆசிரியர், வகுப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், பள்ளி மாவட்ட அதிகாரி என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மறுபக்கம் அம்மாவும் அப்பாவும். சட்டப்படி அந்த இருவரும் குழுவின் முழு உறுப்பினர்கள். ஆனால் முன்கூட்டியே அச்சிட்டு வைத்த தனிநபர் கல்வித் திட்டத்தில், அதாவது ஐ.இ.பி.யில், கையெழுத்துப் போட வந்தவர்களைப் போலத்தான் பலர் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். ஆசிரியர் சொல்லுக்கு மறுசொல் சொல்லக் கூடாது என்றே வளர்ந்தவர்கள் நாம்.

பெற்றோரைத் தங்கள் பிள்ளைக்காகப் பரிந்து பேசக்கூடியவர்களாக ஆக்கப் பல பயிற்சிகள் இருக்கின்றன. எல்லாம் நல்லவைதான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒவ்வொரு பயிற்சியும் வெவ்வேறு ஆளை உருவாக்குகிறது. அது தெரியாமல் சேர்ந்தால் பிள்ளையின் ஒரு கல்வியாண்டு கைநழுவிப் போகலாம்.

ஒப்பிட வசதியாக ஒரே நிலைமையை வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 60 நிமிடம் பேச்சுப் பயிற்சி பெற்றுவந்த ஏழு வயதுச் சிறுமிக்கு இனி 30 நிமிடம்தான் என்கிறது பள்ளி. "நன்றாக முன்னேறிவிட்டாள்" என்று காரணம் சொல்கிறார்கள். வீட்டில் பார்க்கும் அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் பெற்றோர் பயிற்சி, தகவல் மையங்கள். ஊனமுற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளிக் கல்வியை உறுதிசெய்த சட்டம் 1975-இல் வந்தது. 1983-இல் அதைத் திருத்தியபோது இந்த மையங்களுக்கு இடம் கொடுத்தார்கள். இன்று ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒன்றாவது இருக்கிறது. மத்தியக் கல்வித் துறையின் நிதியில் நடப்பதால் கட்டணம் இல்லை. மையத்தின் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோர் ஊனமுள்ள பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ள விதி. மின்னியாபொலிஸில் 1977-இல் தொடங்கிய பேசர் மையம் இவற்றில் நன்கு அறியப்பட்டது.

இங்கே பயின்ற அம்மா அந்தக் கூட்டத்தில் என்ன செய்வார்? சண்டை போட மாட்டார். "60 நிமிடத்தை 30 ஆக்கும் முடிவு எந்த மதிப்பீட்டின் அடிப்படையில் எடுக்கப்பட்டது, வேறு எந்த வழிகளை யோசித்தீர்கள், அவற்றை ஏன் விட்டீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள்" என்று கேட்பார். இப்படி முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டியது பள்ளியின் கடமை. எந்த ஆதாரமும் இல்லாமல் ஆள் பற்றாக்குறையால் எடுத்த முடிவு என்றால், அதை எழுதும்போதே பள்ளி தடுமாறும். கட்டணமில்லாத ஒரு வகுப்பில் இந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொண்டு வந்தாலே பெரிய லாபம்.

குறை எங்கே என்றால், வகுப்பு பெரும்பாலும் பொதுவானது. இரண்டு மணி நேரம் உரிமைகளை வரிசையாகச் சொல்வார்கள், அம்மாவும் குறிப்பெடுப்பார். வீட்டுக்கு வந்து தன் மகளின் கோப்பைத் திறந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. மைய ஊழியர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துத் தனியாகப் பேசினால் இந்தக் குறை தீரும். பலர் அந்த அழைப்பைச் செய்வதே இல்லை.

அடுத்தது சட்டம் சார்ந்த பயிற்சி. கற்றல் குறைபாட்டோடு வளர்ந்து வழக்கறிஞரான பீட் ரைட், 1993-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாணவிக்காக வாதாடி வென்றவர். அவரும் அவருடைய துணைவியார் பாம் ரைட்டும் நடத்தும் ரைட்ஸ்லா வகுப்புகள் இந்த வகை. பெற்றோர் தரப்பு வழக்கறிஞர்களும் பெற்றோருக்காகப் பரிந்து பேசுவோரும் சேர்ந்த மன்றமான கோபா (COPAA) நடத்தும் சீட் (SEAT) பயிற்சி இன்னும் ஆழமானது. இவற்றுக்குக் கட்டணம் உண்டு.

இவற்றின் உண்மையான பலம் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வதில் இல்லை, மதிப்பெண்ணை வாசிக்கக் கற்றுக்கொள்வதில் இருக்கிறது. நம் சிறுமியின் மொழித்திறன் தேர்வில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தரப்படுத்திய மதிப்பெண் (அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் தரும் எண், சராசரி 100) 85, இப்போது 78 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் புதிய சொற்களைக் கற்றிருப்பாள், வாக்கியங்கள் நீண்டிருக்கும். அந்த அளவில் பள்ளி சொல்வது பொய்யில்லை. ஆனால் 85 என்றால் அவள் வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறக்குறைய 16 பேர் அவளுக்குக் கீழே இருந்தார்கள் என்று பொருள். 78 என்றால் 7 பேர்தான். அவள் நடந்துகொண்டிருக்கும்போது மற்றவர்கள் ஓடியிருக்கிறார்கள். "முன்னேறிவிட்டாள்" என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது, அதுவும் பள்ளியே எடுத்த எண்ணிலிருந்து. மாற்றம் நடைமுறைக்கு வருமுன் முறையான விசாரணை கோரினால், தகராறு முடியும்வரை பழைய 60 நிமிடமே தொடர வேண்டும் என்பதையும் இங்கேதான் தெளிவாகக் கற்பார்கள்.

ஆனால் முதல் பயிற்சியாக இதை எடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிதாகச் சட்டம் படித்த பெற்றோர் முதல் கூட்டத்திலேயே வழக்கின் பெயரைச் சொல்லிப் பேசினால், அடுத்த கூட்டத்துக்குப் பள்ளி மாவட்டம் தன் வழக்கறிஞரோடு வரும். அதன்பின் ஆசிரியர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். வழக்கு என்று போனால் களம் பெற்றோருக்குச் சாதகமாகவும் இல்லை. குறை சொல்பவரே நிரூபிக்க வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்றாலும் நிபுணருக்குக் கொடுத்த கட்டணத்தைப் பள்ளியிடமிருந்து திரும்பப் பெற முடியாது என்று 2006-இல் சொன்னது. வழக்கறிஞர் இல்லாமல் பெற்றோரே மத்திய நீதிமன்றத்தில் வழக்காடலாம் என்று 2007-இல் வந்த தீர்ப்பு பெரிய ஆறுதல்தான். ஆனாலும் ஏழு வயதுப் பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்காக யாரும் ஆசைப்பட்டு அந்தப் படியேற மாட்டார்கள்.

இந்தப் பயிற்சி யாருக்கு என்றால், மற்றவர்களின் பிள்ளைகளுக்காகவும் போய்ப் பேச நினைப்பவர்களுக்கு. பிற குடும்பங்களுக்காகப் பரிந்து பேசும் பரிந்துரையாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட மத்திய அரசின் உரிமம் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் மாட்டலாம். அதனால் இன்னொரு குடும்பத்தின் பொறுப்பை ஏற்பவர் இந்த ஆழத்துக்குப் படித்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

மூன்றாவது, பெற்றோருக்குப் பெற்றோர் துணை. நெப்ராஸ்காவின் ஓமஹாவில் 1971-இல் தொடங்கிய முறை இது. இதே பாதையில் முன்பே நடந்த ஒரு பெற்றோரைப் புதியவருக்குத் துணையாகச் சேர்த்துவிடுவார்கள். முதல் நோக்கம் மன ஆதரவு. ஆனால் பேசப் பழக்குவதில் இதற்கு ஈடு இல்லை என்பது என் துணிபு. கூட்டத்துக்கு முந்தைய மாலையில் தொலைபேசியில் ஒருவர் பள்ளி அதிகாரியாகப் பேச, மற்றவர் பதில் சொல்லிப் பார்க்கிறார். "மன்னிக்கவும், இதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் நேரம் வேண்டும்" என்ற ஒரு வரியைத் தடுமாறாமல் சொல்ல நாலைந்து முறை பழக வேண்டியிருக்கும். மறுநாள் அந்தத் துணை பக்கத்திலேயே வந்து உட்காரலாம். பிள்ளையைப் பற்றி அறிவோ தேர்ச்சியோ உள்ளவரை அழைத்துவரப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அவருக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று முடிவு செய்வதும் அழைத்தவர்தான், பள்ளி அல்ல.

நம்மவர்களுக்கு இது வேறொரு வகையிலும் உதவுகிறது. பிள்ளைக்கு ஆட்டிசம் என்பதை ஊரில் இருக்கும் பெற்றோரிடம்கூடச் சொல்லாத குடும்பங்கள் இருக்கின்றன. விசாவில் இருக்கிறோமே, பள்ளியிடம் வாதிட்டால் வம்பாகுமோ என்ற அச்சம் வேறு. பிள்ளையின் சிறப்புக் கல்வி உரிமை பெற்றோரின் விசாவைப் பொறுத்ததே அல்ல. இதை வகுப்பில் கேட்பதைவிட, அதே விசாவில் இருந்துகொண்டு மூன்று கூட்டங்களை நடத்தி முடித்த ஒரு தமிழ் அம்மா சொல்லிக் கேட்கும்போதுதான் நெஞ்சில் இறங்குகிறது. ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் மொழிபெயர்ப்பாளரைப் பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். அலுவலகத்தில் சரளமாகப் பேசுகிறவருக்கும் தன் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது நா எழாமல் போவதுண்டு. அதற்காகக் கூச வேண்டாம்.

இதன் ஆபத்து, ஒருவரின் அனுபவமே விதியாகிவிடுவது. "என் பையனுக்குத் தனி உதவியாளர் கிடைத்தார், நீங்களும் கேளுங்கள்" என்பார்கள். அந்தப் பையனின் தேவை வேறு, மாநில விதிகளும் வேறாக இருக்கலாம். "வாயால் சொன்னாலே போதும், எழுத வேண்டாம்" என்று நல்லெண்ணத்தோடு தவறாகச் சொல்பவர்களும் உண்டு. சட்ட விவரத்தை மட்டும் மையத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மினசோட்டாவில் 1987-இல் தொடங்கிய கொள்கை வகுப்பதில் பங்காளிகள் (Partners in Policymaking) என்ற தலைமைப் பயிற்சி. ஊனமுள்ள பெரியவர்களும் பெற்றோரும் சேர்ந்து மாதக்கணக்கில் பயில்வார்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் எப்படிப் பேசுவது, நிதி ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்பதெல்லாம் இதில் வரும். அருமையான பயிற்சி. ஆனால் நம் சிறுமியின் 30 நிமிடத்தை அடுத்த வாரம் மீட்டுத் தராது. சொந்தப் பிள்ளையின் திட்டம் ஓரளவு நிலைபெற்ற பிறகு போகலாம்.

எதில் சேர்ந்தாலும் பதிவு செய்யுமுன் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: "என் பிள்ளையின் ஐ.இ.பி.யையும் மதிப்பீட்டு அறிக்கையையும் கொண்டுவந்து அதில் பழகலாமா?" முடியாது என்றால் அந்த வகுப்பு அறிமுகத்துக்கு மட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சொந்தக் கோப்பில் அடிக்கோடிட்டு, சொந்தக் கடிதத்தை எழுதி, சொந்த வாயால் சொல்லிப் பார்த்த பெற்றோரைத்தான் கூட்டத்தில் யாராலும் எளிதில் தாண்டிப் போக முடிவதில்லை. அந்த அளவுகோலில் என் வரிசை, கட்டணமில்லாத மையமும் துணைப் பெற்றோரும் ஒன்றாக முதலில், மதிப்பெண் வாசிப்பதற்காகச் சட்டப் பயிற்சி பிறகு.

மையத்தில் பதிவு செய்யும் அன்றே பள்ளிக்கு ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள். பிள்ளையின் எல்லாக் கல்விப் பதிவுகளையும் பார்வையிட விரும்புகிறேன் என்று இரண்டு வரி, தேதி, கையொப்பம் போதும். பள்ளிக்கு அதிகபட்சம் 45 நாள் அவகாசம் உண்டு. ஐ.இ.பி. கூட்டம் அதற்குள் வந்தால் கூட்டத்துக்கு முன்பே காட்ட வேண்டும். ஏப்ரலில் கூட்டம் என்றால் பிப்ரவரியிலேயே கடிதம் போக வேண்டும். அப்போதுதான் பழகிப் பார்க்கக் கையில் கோப்பு இருக்கும்.