பி.இ.ஓ. கோச்சிங்: 12,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ., வட்டாரத்தின் பள்ளிகளை மேற்பார்வையிடுபவர்) தேர்வுக்காக மதுரையில் ஒரு கோச்சிங் சென்டரில் ஐந்து மாதம் படித்தேன். பெயரைப் போடவில்லை, கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். அடுத்த அறிவிப்புக்கு எங்கே சேரலாம் என்று தேடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 14 வருஷமாக இடைநிலை ஆசிரியை. சனி, ஞாயிறு உசிலம்பட்டியிலிருந்து பஸ். கட்டணம் 12,000, இரண்டு தவணை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி ஹால். 80 பேருக்கு மூன்று ஃபேன், அதில் ஒன்று காற்றை விடச் சத்தம்தான் அதிகம் தரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் வகுப்பு அருமை. 2023 தேர்வில் கட்டாயத் தமிழ்த் தாள் 50 மதிப்பெண்ணுக்கு வந்தது. அதில் 20 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அந்தப் பயத்தில் வந்தவர்களை வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பலகையில் இரண்டே வரி எழுதினார்: ‘வேலை கொடுத்தான்’, ‘வேலைக் கொடுத்தான்’. “ஒரு க் போட்டதும் உத்தியோகம் போய் ஆயுதம் வந்துருச்சு பாருங்க” என்றார். ஹாலே சிரித்தது. வல்லினம் மிகும் இடம் எனக்கு இனி மறக்காது. ஞாயிறு தேர்வும் ஒழுங்கு. 150 கேள்வி, ஓ.எம்.ஆர். தாள், சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ரேங்க்.

கல்வி உளவியல் வகுப்பில்தான் எனக்கு முட்டிக்கொண்டது. எடுத்தவர் சின்னப் பையன், நல்ல ஞாபகசக்தி, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்ன நிலைகளை வயதோடு ஒப்பிக்க வைத்தார். ஏழு வயதுக்கு மேல், தண்ணீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றினாலும் அளவு மாறாது என்பது குழந்தைக்குப் புரியும், விடை ‘இ’. திங்கட்கிழமை என் மூன்றாம் வகுப்பில் இரண்டு டம்ளரை வைத்து ஊற்றிக் காட்டினேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: “ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். ஆனா எனக்கு அந்த உசந்த டம்ளரக் குடுங்க, அதுலதான் நிறைய இருக்கு.” அடுத்த சனிக்கிழமை இதைச் சாரிடம் சொன்னேன். “மேடம், எக்ஸாம்ல அந்தப் பையன் வரமாட்டான்” என்றார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. நேரடித் தேர்வுக்குக் கேட்பது பட்டமும் பி.எட்.டும்தான், வகுப்பில் எத்தனை வருஷம் நின்றாய் என்று கேட்பதில்லை. அப்படி வருகிறவர்தான் நாளைக்கு என் விடுப்பை அனுமதிப்பார். என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ‘எண்ணும் எழுத்தும்’ (வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான அரசுத் திட்டம்) பாடம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான்.

ஹாலில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு 23 வயது. வாராவாரம் முதல் மூன்று ரேங்குக்குள் வருவாள். ஒருநாள் டீ குடிக்கும்போது, “அக்கா, அரும்பு, மொட்டு, மலர்னா என்னக்கா?” என்றாள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் குழுக்களின் பெயர், மூன்று நிலைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்து ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்றேன். நம்பவில்லை. எங்கள் தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். மொட்டுக் குழுவை அவளிடம் விட்டுவிட்டு அரும்புக்குப் போனேன். கால் மணி நேரத்தில் ஒருத்திக்குப் பென்சில் காணோம், ஒருவன் அழுகிறான், இரண்டு பேர் மேஜைக்கு அடியில். “பி.எட்.ல 20 வாரம் இன்டர்ன்ஷிப் போனேன்கா, அங்க எல்லாரும் சும்மா உக்காந்திருந்தாங்க” என்றாள். உட்காரத்தானே செய்வார்கள், பின்னால் அவர்களுடைய டீச்சர் நின்றிருப்பார்!

அனுபவம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. பதவி உயர்வில் வந்த அதிகாரி ஒருவர் என் வகுப்பு வாசலிலேயே நின்று, ரெஜிஸ்டரை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு ஜீப் ஏறிப் போயிருக்கிறார். இருந்தாலும் ஐந்து வருஷமாவது பாடம் நடத்தியவர்தான் விண்ணப்பிக்கலாம் என்று விதி வரவேண்டும் என்பது என் கட்சி. அப்படி ஒரு விதி வந்தால் இந்த மாதிரி சென்டர்களில் பாதி ஹால் காலியாகும், அதுவும் தெரியும்.

சரி, சேரலாமா? தேர்வில் ஜெயிக்க வேண்டுமென்றால் சேருங்கள், கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். உளவியலுக்கு அவர்கள் தரும் நோட்ஸ் போதும், அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்த் துணி துவைக்கலாம். தமிழ் வகுப்பைத் தவறவிடாதீர்கள். எட்டரைக்கே போனால் ஜன்னலோர இடம் கிடைக்கும்.

அந்தப் பெண் அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். இந்த முறை கைப்பையில் ஒரு டஜன் பென்சில் இருந்தது.