பெயர் பொறித்த மருந்துப் புட்டியா, நீல நச்சுப் புட்டியா?

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழம்புட்டி தேடும் மாட்டுங்காத் தமிழர்களின் கண்ணை முதலில் இழுப்பது நீல நிற நச்சுப் புட்டிதான். இருட்டில் தவறி எடுப்பவரையும் விரலே எச்சரிக்கட்டும் என்பதற்காக, அதன் பக்கங்களில் வரிவரியாக மேடுகள் வார்க்கப்பட்டன. அலமாரிக்கு அது அழகு. ஆனால் எந்தக் கடையில் விற்றது என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை.

கடையின் பெயர் கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும் நிறமற்ற மருந்துப் புட்டியோ ஊரின் வரலாற்றையே கையில் தருகிறது. மும்பையின் நாற்சந்திகளில் ஒன்றுக்கு நாள்தோறும் நாம் உச்சரிக்கும் கெம்ப்ஸ் கார்னர் என்ற பெயரே, அங்கிருந்த கெம்ப் அண்ட் கம்பெனி மருந்துக்கடையால் வந்ததுதான். மிக்சர் புட்டியில், வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் கம்பவுண்டர் பல்பல்லாக வெட்டி ஒட்டிய தாளின் பசைத்தடம் எஞ்சியிருந்தால், அதைத் தேய்த்துக் கழுவிவிடக் கூடாது. அழுக்கென்று நினைப்பவர்களே அதிகம்.

வயதறியும் சோதனை இரண்டுக்கும் ஒன்றே. கண்ணாடியை வார்த்த அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இணைப்புக் கோடு புட்டியின் கழுத்தோடு நின்றுவிட்டால் வாய் கையால் முடிக்கப்பட்டது. விளிம்பு வரை ஏறினால், 1903-இல் மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய, புட்டி செய்யும் தானியங்கி இயந்திரத்துக்குப் பிற்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். கையிலுள்ள பணம் ஒன்றுக்கே போதுமென்றால், விளிம்பு சற்றுச் சிதைந்திருந்தாலும் பெயர் பொறித்ததையே வாங்குவேன்.