சூட்டில் மட்டும் அடம்பிடித்த கார்

எங்கள் கார் 2004 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை). 2011இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மைலேஜ், ஏசி, சஸ்பென்ஷன் எல்லாம் வயதுக்கு ஏற்றபடி இருக்கின்றன, அதில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கோடை என்னைப் படுத்திய ஒரே ஒரு கோளாறைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காலையில் சாவியைத் திருப்பிய உடனே பிடித்துவிடும். மதுரையிலிருந்து மேலூர் போய், பெட்ரோல் போட நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் செல்ஃப் ஜம்மென்று சுற்றும், இன்ஜின் பிடிக்காது. முக்கால் மணி நேரம் வேப்பமர நிழலில் நின்றால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோவதற்குள் ஆறிவிடும். ஸ்கேனர் போட்டால் எரர் இல்லை. ஒருவர் பேட்டரியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். செல்ஃப் இவ்வளவு நன்றாகச் சுற்றும்போது பேட்டரியில் என்ன குறை என்று கேட்க அன்றைக்கு எனக்குப் புத்தி இல்லை.

ஓடும்போது வராத கோளாறு நிறுத்திய பிறகு ஏன் வருகிறது என்பது பிறகுதான் புரிந்தது. இன்ஜினை அணைத்ததும் கூலண்ட் சுற்றுவது நின்றுவிடும், முன்னாலிருந்து வரும் காற்றும் இல்லை. இன்ஜினில் இருக்கும் சூடெல்லாம் பானெட்டுக்குள் பரவி, அடுத்த பத்து இருபது நிமிடம் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகக் கொதிக்கும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

முதலில் சிக்கியது பெட்ரோல் பிரஷர். சாவியை ஆன் செய்தால் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்று முனகும். ஸ்டார்ட் செய்யாமல் மூன்று தடவை ஆன், ஆஃப் செய்துவிட்டு அடித்தால் சில நாள் பிடித்தது. இதைச் சொன்னதும் காளவாசல் பக்கம் இருக்கும் மெக்கானிக் தம்பி பெட்ரோல் லைனில் பிரஷர் அளக்கும் கேஜ் மாட்டினார். ஓடும்போது 3 பார் காட்டிய முள், அணைத்த சில நிமிடங்களில் சறுக்கிக்கொண்டே பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு பிரஷரைப் பிடித்து வைக்கவில்லை. பிரஷர் இறங்கினால் சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் மாற்றினோம், 4,800 ரூபாய். நீளமாக செல்ஃப் அடித்து, இருமி இருமிப் பிடிக்கும் தொல்லை போயே போய்விட்டது.

ஆனால் அடுத்த வைகாசியில், திருமங்கலம் தாண்டி ஒரு டீக்கடை வாசலில், மறுபடியும் நின்றது. இந்தத் தடவை இருமல்கூட இல்லை. சாவி வித்தை பலிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அடித்துப் பார்த்தேன். பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்திருந்தால் அப்படி அடிக்கும்போது பிடிக்கும். அதற்கும் அசையவில்லை, பெட்ரோல் வாடையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான் கவனித்தாள்: “ஏங்க, அந்த ஆர்பிஎம் முள்ளு அசையவே மாட்டேங்குதே?”

அந்த ஒரு வார்த்தைதான் திறவுகோல். எங்கள் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது அந்த முள் கொஞ்சம் துள்ளும். துள்ளவில்லை என்றால், இன்ஜின் சுற்றுகிறது என்பதே ஈசியுவுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் பெட்ரோல் விடாது. அதைச் சொல்ல வேண்டியது கிராங்க் சென்சார். எங்கள் வண்டியில் அது கியர்பாக்ஸ் பக்கம், கை எட்டும் இடத்தில் இருக்கிறது. டீக்கடைக்காரரிடம் ஒரு துண்டு வாங்கி, நனைத்துப் பிழிந்து அதன்மேல் போட்டேன். (எக்ஸாஸ்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு இன்னும் தழும்பு இருக்கிறது.) ஐந்து நிமிடம். முள் துள்ளியது, வண்டி பிடித்தது.

மறுநாள் மெக்கானிக் தம்பி, “அண்ணே, வெளிய எடுத்தே காட்டிடுறேன்” என்று சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் மாட்டினார். ஓம்ஸ் (மின்தடை) ஒழுங்காகக் காட்டியது. என் மகளின் ஹேர் டிரையரை வைத்துச் சூடேற்றினோம். எண் மெதுவாக ஏறியது, ஏறியது, பொசுக்கென்று மறைந்து திரையின் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது என்று மீட்டர் சொல்லும் விதம் அது. உள்ளே இருக்கும் சுருள் கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகிறது. ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. புதுசு 1,150 ரூபாய். வீணாகப் போட்ட பேட்டரியின் விலையில் இதைப்போல மூன்று வாங்கியிருக்கலாம்.

மாற்றி இரண்டு கோடை ஆகிவிட்டது. நடுமதியம் மாட்டுத்தாவணியில் அணைத்து அணைத்து ஓட்டியும் ஒருநாள்கூட நிற்கவில்லை. உச்சி வெயிலில் மட்டும் பிடிக்க ஒரு நொடி கூடுதலாக ஆகிறது. ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுகிறது என்று எனக்குச் சந்தேகம். அடுத்த சர்வீஸில் மறுபடி கேஜ் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.