வயதுக் கணக்குப் பயிற்சி நூல்: கட்டம் நன்று, விடைப்பகுதி போதாது

ஒருபடிச் சமன்பாடுகளைத் தடையின்றித் தீர்த்துவிட்டு, வார்த்தைக் கணக்கு என்றவுடன் பேனாவைக் கீழே வைத்துவிடும் என் மகளுக்காக, வயதுக் கணக்குகளை மட்டுமே பேசும் இந்தப் பயிற்சி நூலை வாங்கினேன். எல்லாக் கணக்குகளையும் அவளோடு சேர்ந்து போட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

நூலின் பலம் அது கற்றுத்தரும் கட்டம்தான். ஆளுக்கொரு வரிசை, காலத்துக்கொரு நிரல் என வரைந்து, கட்டங்கள் நிரம்பும் வரை சமன்பாட்டைத் தொடக் கூடாது என்கிறது. தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 4 மடங்கு, 20 ஆண்டுகள் கழித்து 2 மடங்கு என்ற கணக்கில் மகனின் வயதை 'வ' எனக் கொண்டால், இன்றைய நிரலில் வ, 4வ என்றும், அடுத்ததில் வ + 20, 4வ + 20 என்றும் அமைகின்றன. ஆகவே 4வ + 20 = 2(வ + 20); மகனுக்கு 10, தந்தைக்கு 40. என் மகள் அடைப்புக்குறியை விட்டுவிட்டு 4வ + 20 = 2வ + 20 என்று எழுதி, மகனுக்கு 0 வயது என்று கண்டாள்; அப்படியானால் தந்தைக்கும் 0 தானே என்று அவளே சிரித்துவிட்டாள். வ + 20 முழுவதும் ஒரே கட்டத்துக்குள் இருப்பதைக் காட்டியதும், எதை இரட்டிக்க வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபட்டது.

மடங்கு ஆண்டுதோறும் மாறும், வயது வித்தியாசம் மாறாது என்ற அடிப்படைக்கு நூல் ஒரே ஒரு வரியைத்தான் ஒதுக்கியிருக்கிறது. இது பெரிய குறை. மேற்கண்ட கணக்கிலேயே இன்றைய வித்தியாசம் 3வ. தந்தை இரு மடங்காகும் நாளில் அந்த வித்தியாசம் மகனின் அன்றைய வயதுக்குச் சமம். எனவே 3வ = வ + 20 என்று ஒரே வரியில் விடை வந்துவிடுகிறது.

கணித மேதை டயோபாண்டஸின் ஆயுளைக் கேட்கும் பழைய கிரேக்கப் புதிரைச் சேர்த்திருப்பது நல்ல தேர்வு. ஆயுளின் 6, 12, 7-இல் ஒரு பங்குகள் வருவதால், அவற்றின் மீச்சிறு பொது மடங்கான 84-ஐச் சமன்பாடு இல்லாமலே ஊகிக்கலாம் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

விடைப்பகுதியை என்னால் பாராட்ட முடியவில்லை. சரிபார்க்கும் படி எதற்கும் இல்லை. தந்தைக்கு 50, மகனுக்கு 20 எனில் எத்தனை ஆண்டுகள் கழித்துத் தந்தையின் வயது மூன்று மடங்காகும் என்ற கேள்விக்கு, 50 + க = 3(20 + க) என்பதிலிருந்து க = −5 வருகிறது; நூலோ "விடை இல்லை" என்று முடித்துவிடுகிறது. குறை எண் கடந்த காலத்தைக் குறிக்கிறது என்று விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. "5 ஆண்டுகளுக்கு முன்: 45, 15" என்று அந்தப் பக்க ஓரத்தில் என் மகள் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்.